காலை எடுத்த பிறகும் பாய்ந்த வண்டி

வண்டி தானாகப் பாய்ந்தது என்று யாராவது சொன்னால் நான் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. காலில் என்ன போட்டிருக்கிறார் என்று பார்ப்பேன். செகந்திராபாத்தில் ஒரு பெரிய அரசு அலுவலகத்தின் வாகனப் பணிமனையில் என் வேலைக்காலம் முழுவதையும் கழித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் யாராவது விபத்துக் கதை சொன்னால்கூட என் கண் கீழே இறங்கிவிடும்.

போன மாதம் என் பழைய பிரிவிலிருந்து இரண்டு இளம் பொறியாளர்கள் அல்வாலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது அவர்களிடம் வரும் வண்டிகளில் ஆக்சிலேட்டர் கேபிளே கிடையாதாம். பெடலில் ஒரு சென்சார், என்ஜினில் ஒரு மோட்டார், நடுவில் மின்கம்பி. கோளாறு என்றால் கம்ப்யூட்டரைச் செருகி, அது காட்டும் கோளாறு எண்ணைப் படிக்கிறார்கள். என் மகளின் பழைய காரில் நடந்ததை அவர்கள் யார் மூலமோ கேள்விப்பட்டிருந்தார்கள். "அதை எழுதுங்க மேடம், கேபிள் வண்டியில எப்படித் தேடுறதுன்னு எங்களுக்குத் தெரியணும்" என்றார்கள். எழுத உட்கார்ந்தால் நேராக அந்த விபத்துக்குப் போக முடியவில்லை. அதனால் பயமில்லாத பகுதியை முதலில் எழுதிவிடுகிறேன்.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்தாகிவிட்டது. அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தேன், வகுப்பில் ஒரே பெண். பயிற்சிக் காலத்தில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், கிரீஸ் துடைத்தேன், "நீ ஆபீஸ்ல உக்காரும்மா" என்பதைப் பல மொழிகளில் கேட்டேன். வேலை என்று ஒன்று தொடங்கியது ஃபோர்மேன் வெங்கடஸ்வாமி சாரிடம் போன பிறகுதான்.

அவர் உலகத்தில் யாரையும் நம்பாத மனிதர். டீ தம்ளரை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவார், யாரோ மாற்றி வைத்துவிடுகிறார்கள் என்று. சம்பளக் கவரை வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு நாள் தன் கைக்கடிகாரத்தின் மீதே சந்தேகம் வந்து, எங்கள் எல்லோருடைய கடிகாரத்தையும் வாங்கி மேஜையில் வரிசையாக வைத்துச் சரி பார்த்தார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அவர் சட்டென்று திரும்புவார். அதையும் எதிர்பார்த்துத்தான் இருந்திருப்பார்.

ஒரு டிரைவர் வந்து "சார், ஆக்சிலேட்டர் சிக்கிக்கிச்சு" என்று ஆரம்பித்தால் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். "நோட்டிதோ காது, காலிதோ செப்பு" என்பார் தெலுங்கில். வாயால் வேண்டாம், காலால் சொல். டிரைவர் தன் இருக்கையில் ஏறி உட்கார வேண்டும், என்ஜினை அணைத்து வைத்து, விபத்தின்போது செய்ததை ஒரு வார்த்தை பேசாமல் திரும்பச் செய்து காட்ட வேண்டும். சார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கீழே குந்தி உட்கார்ந்து அந்தக் காலையே பார்ப்பார். பொய் சொல்கிறவன் கால் மெதுவாகப் போகும், யோசித்து யோசித்துப் போகும் என்பது அவர் கணக்கு. உண்மையில் அப்படி நேர்ந்தவன் கால் தானாகப் பதறும்.

அப்படித்தான் எங்கள் ஜீப் ஒன்று அலுவலக கேட்டை இடித்தபோது கண்டுபிடித்தார். டிரைவர் குடித்திருந்தான் என்று எல்லோரும் தீர்மானம் செய்துவிட்டார்கள். சார் அவனை ஏறி உட்காரச் சொன்னார். அவன் காலை அழுத்தி எடுத்தான். இரண்டாம் தடவை எடுக்கும்போது ரப்பர் செருப்பின் முன்பக்கம், அடியில் பசை விட்டுப் பிளந்திருந்த நுனி, பெடலின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. சார் செருப்பைக் கழற்றி வாங்கி, எங்கள் முகத்துக்கு நேரே ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு போனார். எனக்கு வாடையோடு காட்டினார். அதற்கு அடுத்த வாரமே இன்னொரு டிரைவர் இதே காரணத்தைச் சொல்லிக்கொண்டு வந்தான். கையில் பிய்ந்த செருப்பு தயாராக இருந்தது. அவன் கால் மெதுவாகப் போனது. சார் அவனை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்து, "பார்த்தியா, ஒரு காரணம் ஒரு தடவைதான் உண்மை" என்றார். அது முழுக்கச் சரியில்லை. ஆனால் எனக்குள் இறங்கிவிட்டது.

வேலை முறை என்று பார்த்தால் அவரிடம் இருந்தது இவ்வளவுதான். முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார். தொட்டுவிட்டால் அப்புறம் நீ பார்ப்பது கோளாறையா, நீ செய்ததையா என்று தெரியாது. பிறகு காலடி: மேட் சுருண்டிருக்கிறதா, பாட்டில் உருண்டு கிடக்கிறதா, பெடலின் அச்சு காய்ந்திருக்கிறதா. பிறகு பாதியாகப் பிரி. என்ஜின் பக்கம் கேபிளின் முனையைக் கழற்று. இப்போது பெடலை அழுத்திப் பார். சிக்கினால் கோளாறு பெடலிலோ கேபிளிலோ இருக்கிறது. சிக்கவில்லையென்றால் என்ஜின் பக்கம் போ. அங்கே கேபிள் சுற்றிக்கொள்ளும் அரைவட்டச் சக்கரம் ஒன்று இருக்கும். அதைக் கையால் திருப்பி விடு. ஸ்பிரிங் அதைச் சட்டென்று இழுத்து மூட வேண்டும். மந்தமாக வந்தால் உள்ளே கார்பன் பிசின் படிந்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால்?

எல்லாம் சரியாக இருந்தால்தான் சாருக்கு முகம் மாறும். "ஒன்றுமில்லை என்று எழுதாதே. இன்னும் கிடைக்கவில்லை என்று எழுது" என்பார். காரணம் தெரியாமல் சரியாகிப்போன வண்டியைப் பணிமனை வாசலைத் தாண்ட விடமாட்டார். மேலதிகாரிகள் கத்துவார்கள். அவர் பூட்டிய இழுப்பறையிலிருந்து தம்ளரை எடுத்து டீ குடிப்பார்.

இனி ஷெரின். என் ஒரே மகள். பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். அல்வாலிலிருந்து அவ்வளவு தூரம் போய்வர, நாங்கள் பல வருஷமாக வைத்திருந்த பழைய பெட்ரோல் காரைக் கொடுத்தோம். கொடுக்கும் முன் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். வண்டி நிற்காமல் பாய்ந்தால் முதலில் நியூட்ரல், பிறகு பிரேக், வேகம் குறைந்த பிறகு சாவியை ஒரு படி மட்டும் திருப்பு, முழுவதும் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அவள் அதை ஒப்பித்துக் காட்டினாள், "மம்மி, ஐ காட் இட், விடுங்க" என்று.

தசரா முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. காலையில் நான் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. பின்னணியில் லாரிகள் போகும் சத்தம்.

"மம்மி. பெடல் திரும்பி வரல. கால எடுத்துட்டேன், அது வரல."

"கால்ல என்ன போட்டிருந்தே?"

கடுகு வெடித்துத் தீர்ந்தது. பிறகு அவள், "ஷூஸ்" என்றாள், "மம்மி, எனக்கு ஒண்ணும் ஆகல" என்றாள். நான் கேட்காமல் விட்டதற்கு அவளே பதில் சொன்னாள்.

வெளிவட்டச் சாலையில் ஒரு டேங்கரைத் தாண்டுவதற்காக முழுசாக அழுத்தியிருக்கிறாள். தாண்டிவிட்டுக் காலை எடுத்தால் வண்டி இன்னும் ஏறுகிறது. நியூட்ரலில் தள்ளியிருக்கிறாள், பிரேக்கை மிதித்திருக்கிறாள், சாவியை ஒரு படி திருப்பியிருக்கிறாள். ஓரத் தடுப்பில் உரசி, இடதுபக்கக் கதவு முழுக்கக் கீறி, வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். இதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

என் கணவர் வங்கி வேலையில் இருப்பவர். மகளை அழைத்து வந்து படுக்கவைத்துவிட்டு, சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஏளா, பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சிருப்பா. பதட்டத்துல எல்லாருக்கும் வாரதுதான். அதப் பெருசு பண்ணாத."

"நியூட்ரல் போட்டப்பெறவு என்ஜின் எப்படிக் கத்துச்சுன்னு அவகிட்ட கேட்டியளா?"

"அதெல்லாம் ஏன் கேக்கணும்?"

"நான் கேட்டேன். விசில் மாதிரி கத்திருக்கு. கால் பிரேக்குல இருக்கையில கத்திருக்கு. தப்பான பெடலா இருந்தா வண்டி எப்படி நின்னுது?"

அவர் யோசித்தார். "ரெண்டையும் சேத்து மிதிச்சிருப்பா" என்றார். ஒரு காரணம் விழுந்தால் அடுத்ததைக் கையோடு எடுத்துவைக்கும் ஆள்.

இழுவை வண்டிக்காரன் காரைப் பக்கத்துத் தெரு கவுஸ் பாய் கராஜில் விட்டிருந்தான். அரசுப் பணிமனையில் சொந்த வண்டியை ஏற்ற முடியாது. கவுஸ் பாய் மேட்டை மாற்றினார், புதுக் கேபிள் போட்டார், கார்பனைத் துடைத்தார், பெடல் அச்சுக்கு எண்ணெய் விட்டார். சில நாளில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏக்தம் ஃப்ரீ, மேடம்" என்றார், துளியும் சிக்கவில்லை என்று. எதனால் சிக்கியது என்று கேட்டேன். "புரானா காடி ஹை மேடம், ஹோத்தா" என்று சிரித்தார். பழைய வண்டி, இப்படி ஆகும். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பழைய கேபிளை வாங்கிப் பார்த்தேன். ஒரு இழைகூடப் பிரியவில்லை. நல்ல கேபிளை மாற்றிவிட்டுக் கோளாறு போய்விட்டது என்கிறார். அவர் எதையோ பார்த்திருக்கிறார், சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது.

அதைவிட மோசமானது வீட்டுக்குள் நடந்தது. வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது ஷெரின் தட்டைப் பார்த்தபடியே, "மம்மி, மே பீ டாடி சொல்றது கரெக்ட். நான்தான் ராங் பெடல் அழுத்திட்டேன் போல" என்றாள்.

"போலன்னா?"

"அழுத்திட்டேன். லீவ் இட் மம்மி. மண்டே நான் ட்யூட்டிக்குப் போகணும்."

என் கணவர், பார்த்தாயா என்பது போல என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். அந்த வாக்கியம் மெதுவாக வந்தது. யோசித்து யோசித்து வந்தது. என் மகள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் அதை எங்களுக்குச் சொல்கிறாளா, தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை அவள் அந்தச் சாலைக்குத் திரும்பப் போவாள். காரணம் இன்னும் வண்டிக்குள் இருந்தால், அடுத்த முறை அது சிக்கும்போது இவள் வண்டியை நிறுத்தப் பார்க்கமாட்டாள். தன் கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பாள். அந்த ஒரு நொடி போதும். நான் தூங்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

சனிக்கிழமை காலை வண்டியை வாசலில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் அடைத்தேன். ஷெரினைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன்.

"எதுக்கு மம்மி?"

"பேசாத. அன்னைக்குச் செஞ்சத அப்படியே செய்யி."

அவள் முறைத்தாள், உட்கார்ந்தாள். நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கீழே குந்தினேன். அவள் கால் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தியது, விட்டது, பிரேக்குக்குப் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் முட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே இடித்தது. நான் சொல்லாமலே கை கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது. உதட்டில் வியர்வை. அந்தக் கால் பொய் சொல்லவில்லை. அவள் இறங்கி மாடிக்குப் போய், பால்கனியில் நின்றுகொண்டாள்.

பிறகு பாதியாகப் பிரித்தேன். கேபிள் முனையைக் கழற்றினேன். பெடல் பட்டுப் போல வந்தது. என்ஜின் பக்கத்து அரைவட்டச் சக்கரத்தைக் கையால் திருப்பி விட்டேன், டக்கென்று மூடியது. கேபிளைத் திரும்ப மாட்டினேன், எல்லாம் ஒழுங்கு. கவுஸ் பாய் சொன்னது போல ஏக்தம் ஃப்ரீ. ஆனால் சாலையில் என்ஜின் இப்படி அசையாமல் நிற்பதில்லை. முழுசாக அழுத்தும்போது அது தன் இருக்கையிலேயே ஒரு பக்கம் சாயும். என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் பழசாகியிருந்தால் இன்னும் அதிகமாகச் சாயும். கோளாறு அந்தச் சாய்வில்தான் இருக்க வேண்டும்.

"நீங்க உள்ள உக்காருங்க" என்றேன் கணவரிடம். "நான் சொல்லும்போது சட்டுனு முழுசா அழுத்தி, சட்டுனு விடணும். கியரத் தொடப்புடாது. சாவியில கை இருக்கட்டும்."

"அக்கம்பக்கத்துல என்ன நெனப்பாங்க?"

"ரெண்டாவது வீட்டுக்காரரு மாடி கட்டும்போது நாம என்ன நெனச்சோம்? சத்தம் தாங்கலன்னு நெனச்சோம்லா? அதத்தான் நெனப்பாங்க. அழுத்துங்க."

நான் பானட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்தேன். அழுத்தினார், விட்டார். என்ஜின் குலுங்கி, சாய்ந்து, நிமிர்ந்தது. இன்னொரு முறை. ஒன்றுமில்லை. "இன்னும் வேகமா" என்றேன். அழுத்தினார்.

என்ஜின் ஏறிய இடத்திலேயே நின்றது. சத்தம் இறங்கவில்லை. தெருவில் ஒரு நாய் எழுந்து ஓடியது. உள்ளேயிருந்து என் கணவர், "ஏளா! கால எடுத்துட்டேன் ளா! கால எடுத்துட்டேன்!" என்று கத்தினார். பார்த்தால் மனிதர் இரண்டு காலையும் இருக்கைக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறார், வெள்ளம் புகுந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவர் போல.

"சாவி!" என்றேன்.

என்ஜின் அணைந்தது. அமைதியில் மேலே பால்கனியிலிருந்து ஷெரினின் குரல் கேட்டது. "டாடி, ராங் பெடலா?"

அவர் இறங்கி வந்து செடித்தொட்டிச் சுவரில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டார். பிறகு, "பாவம் ளா பிள்ள" என்றார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். சக்கரம் இன்னும் திறந்தே நின்றது. அதன் விளிம்புக்கும் பக்கத்து இரும்புப் பட்டைக்கும் நடுவில் மெல்லிய கம்பியின் நுனி ஒன்று கடிபட்டிருந்தது. கம்பி காருக்குரியதல்ல. டார்ச்சை அதன் வழியே நகர்த்தினேன். காற்று வடிகட்டிக்குப் போகும் பெரிய ரப்பர் குழாய்க்கு அடியில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒன்று தொங்கியது. மெதுவாக இழுத்தேன். கறுத்துச் சுருங்கி, புளியங்கொட்டை நிறத்துக்கு வந்திருந்த ஒரு எலுமிச்சம்பழம். மேலும் கீழும் காய்ந்த மிளகாய்கள். நடுவே கோத்த கம்பி, அதன் ஒரு நுனி சரியாக மடக்கப்படாமல் நீட்டிக்கொண்டிருந்தது. பாதி அழுத்தும்போது சக்கரம் அதுவரை வருவதில்லை. முழுசாக அழுத்தி, என்ஜினும் சாய்ந்தால் நுனி உள்ளே போய்விடுகிறது.

காரணம் கிடைத்துவிட்டது. மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. நாங்கள் சபைக்குப் போகிற குடும்பம். எங்கள் வண்டியில் எலுமிச்சை கட்டுகிறவர் யாருமில்லை. யார் என் பானட்டைத் திறந்தது? ஏன் முன்னால் கட்டாமல் ஒளித்துக் கட்டியது?

"செய்வினையா இருக்குமோ?" என்று என் கணவர் கேட்டார். பார்க்கிங் விஷயமாக எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டை நோக்கி அவர் பார்வை போனது.

"வங்கியில வேல பாக்குற ஆளு பேசுத பேச்சா இது?" என்றேன். ஆனால் நானும் எதிர்வீட்டைப் பார்த்தேன். அதை மறைக்கவில்லை.

எலுமிச்சையை ஒரு தாளில் சுற்றிக்கொண்டு கவுஸ் பாய் கராஜுக்குப் போனேன். தாளை அவர் முன்னால் விரித்தேன். அவர் முகத்தில் வியப்பே இல்லை. என் சந்தேகம் உறுதியானது.

"இதப் பார்த்தீங்களா, இல்லையா?"

"ஹவ் மேடம், பார்த்தேனே. குழாயைக் கழற்றும்போது பார்த்தேன். அப்ப சும்மாதான் தொங்குச்சு, எதுலயும் மாட்டல."

"நீங்க கட்டினதா?"

"தோபா, தோபா! நான் எதுக்குக் கட்டுறேன்? ஏற்கெனவே இருந்துச்சு. தசராவுக்குக் கட்டினது. பழத்தைப் பாத்தாலே தெரியுது."

"பார்த்துட்டு என்ன செஞ்சீங்க?"

"பத்திரமா எடுத்து ஓரமா வச்சேன். வேலை முடிஞ்சதும் எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்பக் கட்டிட்டேன்." அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "உங்க பூஜைப் பொருள் மேடம். அடுத்தவங்க கட்டினதை நான் எப்படி அறுத்துப் போடுவேன்? நாளைக்கு வண்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா கவுஸ் பாய் கைவச்சதாலதான்னு சொல்லமாட்டாங்களா?"

"எங்க வண்டியில சிலுவை தொங்குது, பார்க்கலையா?"

"பார்த்தேன். உள்ளே சிலுவை, வெளியே நிம்பு-மிளகாய். ரெண்டு பக்கமும் பாதுகாப்பு வச்சிருக்காங்க, புத்திசாலி ஃபேமிலின்னு நெனச்சேன்."

கடிபட்ட நுனியைக் காட்டினேன். அவர் அதை விரலால் தடவினார். சிரிப்பு நின்றது. தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா. திரும்பக் கட்டினது நானே" என்றார். கம்பியை அன்று அறுத்துப் போட்டிருந்தால் காரணம் தெரியாமலே போயிருக்கும் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அவர் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும் என்று விட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் யோசித்தேன். தசராவுக்குக் கட்டியது. தசரா வாரத்தில் வண்டி வீட்டில் நின்றது இரவில் மட்டும். பகலெல்லாம் பட்டான்செருவில், கம்பெனி வளாகத்தில். ஆயுத பூஜைக்கு அங்கே இயந்திரம் முதல் ஊழியர் பஸ் வரை எல்லாவற்றுக்கும் பூஜை நடக்கும். இந்த ஊரில் எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான்.

ஷெரின் அறைக்குள் போய்த் தாளைக் கட்டில் மேல் வைத்தேன். அவள் பிரிக்கவில்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"பஸ் டிரைவர் அண்ணா எல்லா வண்டிக்கும் கட்டினாரு" என்றாள். "என்னையும் கேட்டாரு. முன்னாடி வேணாம், மம்மி பாப்பாங்க, உள்ள கட்டுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"வேண்டாம்னு சொல்லத் தெரியாதாட்டி?"

"வேணும்னுதான் மம்மி கட்டிக்கிட்டேன்." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "எனக்கு அந்த ரோடு பயம். டெய்லி பயம். காலையில நீங்க பானட்டுல கைவச்சு ஜெபம் பண்ணுவீங்க. அப்புறம் நான் ரீச் ஆகுற வரைக்கும் ஃபோன் மேல ஃபோன். ஜெபம் பண்ணின உங்களுக்கே பயம் போகலன்னா எனக்கு எப்படிப் போகும்? யார் எது குடுத்தாலும் வாங்கிக்கலாம்னு இருந்துச்சு."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"சரி. ராங் பெடலுன்னு ஏன் சொன்னே?"

"நீங்க தேட ஆரம்பிச்சீங்க. தேடினா இது கிடைச்சிடும். ராங் பெடலுன்னா திட்டுவீங்க, அவ்வளவுதான். இதுன்னா அழுவீங்க."

"இதுதான் பெடலப் பிடிச்சுக்கிச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"பிடிச்சுக்கிச்சா?" அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. "நான் வேற நெனச்சேன், மம்மி. இதைக் கட்டினதுக்கு... ஏசப்பாவுக்குக் கோவம் வந்துட்டுன்னு."

இத்தனை நாள் இவள் இதைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு நடுவில் சாப்பிட்டு எழுந்திருக்கிறாள். நான் தாளைப் பிரித்தேன். அவள் விரலைப் பிடித்து அந்த நுனியில் வைத்தேன். சக்கரம் கடித்த தடம் அதில் பதிந்து பளபளப்பாக இருந்தது.

"கோவம் இல்லட்டி" என்றேன். "கம்பி. மடக்காம விட்ட கம்பி."

அவள் அந்தத் தடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அழுதாள். அழுகிற பொறுப்பு எனக்கென்று அவள் நினைத்திருந்தாள், இரண்டு பேரும் பகிர்ந்துகொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை கவுஸ் பாய் கராஜைத் திறந்து என்ஜின் மவுண்டிங்குகளை மாற்றிக் கொடுத்தார். மாலையில் சைனிக்புரிப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத சாலைக்குப் போனோம். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். "முழுசா அழுத்து" என்றேன். பாதியோடு நிறுத்தினாள். "முழுசா" என்றேன். அழுத்தினாள், எடுத்தாள். என்ஜின் சத்தம் விழுந்தது. நான் போதும் என்று சொல்லுமுன் அவளே மறுபடி அழுத்தி எடுத்தாள். மூன்றாவது முறை அவள் காலைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தாள்.

இளம் பொறியாளர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கம்ப்யூட்டர் காட்டும் எண்ணில் எலுமிச்சை வராது. ஆனால் கட்டியவர் ஒருவர், பார்த்தும் சொல்லாதவர் ஒருவர், மறைப்பதற்காகக் குற்றத்தை ஏற்றுக்கொண்டவர் ஒருவர் என்று கேபிள் இல்லாத வண்டிக்குள்ளும் ஆட்கள் இருப்பார்கள். வெங்கடஸ்வாமி சார் ஆட்களைச் சந்தேகப்பட்டார், நானும் அப்படியே சந்தேகப்பட்டேன். இந்த வண்டியில் ஒருவரும் கெட்டது நினைக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. கெட்டது நினைக்கிறவர்களை எப்படிப் பிடிப்பது என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை அவள் கிளம்பும்போது நான் பானட்டில் கை வைக்கவில்லை. அவளே அதைத் திறந்து தூக்கிப் பிடித்தாள். "பாத்துக்கோங்க மம்மி. ஒண்ணும் இல்ல" என்றாள். பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று பார்ப்பதற்கும் நேரம் பிடித்தது. அவள் பொறுத்துக்கொண்டு நின்றாள்.

வண்டி போன பிறகும் கேட்டைச் சாத்தாமல் நின்றேன். ஃபோன் உள்ளே மேஜையில் இருந்தது. தெருமுனையில் திரும்பி மெயின் ரோட்டில் ஏறும்போது அவள் ஆக்சிலேட்டரை அழுத்தும் சத்தம் கேட்டது. அவள் காலை எடுத்த சத்தமும் கேட்டது.